கிணற்றடித் தேசிமரம்

எமது வளவின் கோடிப்புறத்தில், கிணற்றடியை ஒட்டி, ஒரு தேசிமரம் நிற்கின்றது. சாகக் கிடந்து பிழைத்த மரம் அது. அதனைப் பிழைக்க வைத்தவர் நாமல்லர். சாகும் நிலைக்குக் கொண்டுவந்தவர் நாமே. இந்த இரண்டு உண்மைகளையும் ஒப்புக்கொள்வதற்கு எமக்குச் சில ஆண்டுகள் சென்றன. ஒப்புக்கொண்ட பின்னர்தான் மரமும் துளிர்த்தது என்று சொன்னால் வாசகர்கள் அதனை அலங்காரம் என்று தள்ளிவிடக் கூடும். ஆனால், நடந்தது அதுவே.

வேலணையிலிருந்து கடலை ஊடறுத்துச் செல்லும் தாம்போதியைக் கடந்து புங்குடுதீவில் கால்வைப்போருக்கு முதலில் எதிர்ப்படும் பகுதிகளுள் மடத்துவெளியும் ஒன்று. ஆறு இல்லாத ஊர். மலை இல்லாத ஊர். மாரியில் வானம் தருவதும், நிலம் அதனைச் சேர்த்துவைத்துக் கோடையில் கிணற்றில் திருப்பித் தருவதுமே இங்குள்ள நீர். சோழகக் காற்று வீசும் மாதங்களில் கடலின் உப்பு உதட்டிற் படியும். பனை அந்த உப்பைப் பொருட்படுத்தாது; பூவரசும் ஓரளவு தாங்கிக்கொள்ளும். தேசி தாங்காது. எலுமிச்சை, நாரத்தை, தோடை என்னும் அந்தக் குடும்பம் முழுவதுமே உவருக்கு அஞ்சுகின்ற குடும்பம். மனிதர் வளர்க்கும் பழமரங்களுள் உப்பை மிகக் குறைவாகப் பொறுப்பவற்றுள் அதுவும் ஒன்று. அவ்வாறாயின் தீவகத்தில் அதனை ஏன் நட்டார்கள்? ஊறுகாய்க்கு, சோற்றுக்கு, வெயிலில் வந்தவனுக்குக் கரைத்துக் கொடுக்க, அம்மனுக்கு மாலை கட்ட. இல்லாத இடத்தில்தான் அதன் அருமை தெரியும்.

எமது அன்னையார் 1985ஆம் ஆண்டு மாரியில் அந்தக் கன்றை நட்டார். 1991ஆம் ஆண்டில் தீவின் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது அது காய்க்கத் தொடங்கியிருந்த இளமரம். நாம் கையில் எடுத்துச் சென்றவை சில பாத்திரங்களும் பள்ளிச் சான்றிதழ்களும் மட்டுமே. அன்னையார் திரும்பி வரவில்லை. 2009இல் போர் முடிந்து, 2011இல் நாம் வந்து பார்த்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கதவுகள் இல்லை, கிணற்றுக்குத் துலா இல்லை. வளவெங்கும் பற்றை மண்டியிருந்தது. அந்தப் பற்றைக்குள்ளே தேசிமரம் கரும்பச்சை இலைகளோடு, காய்களோடு நின்றது.

இருபது ஆண்டுகள் எவரும் அதற்கு நீர் வார்க்கவில்லை, பசளை இடவில்லை, கிளை வெட்டவில்லை. அது உயிரோடு இருந்தது. நாம் வந்து பராமரிக்கத் தொடங்கிய நான்காவது ஆண்டிலே அது சாகத் தொடங்கிற்று.

எமது பராமரிப்பு எத்தகையது என்பதைச் சற்று விவரமாகச் சொல்வது பயன் தரும். ஏனெனில் இத்தகைய பராமரிப்பைச் செய்பவர் நாம் மட்டும் அல்லர். வெளிநாட்டிலுள்ள எம் மகன் அனுப்பிய பணத்தில் கிணற்றுக்கு மின்சார மோட்டர் பூட்டினோம். தென்னங்கன்று, வாழை, கத்தரிப் பாத்தி ஆகிய அனைத்துக்கும் குழாய் மூலம் நீர் பாய்ச்சினோம். தேசிமரத்துக்கு நாள்தோறும் சிறிது நீர் விட்டோம். வெயிலேறிய வேளைகளில், இலைகளின் தூசி போகட்டும் என்று அதே நீரை மேலிருந்து பீச்சினோம். அடுப்புச் சாம்பல் மரத்துக்கு நல்லது என்ற பழைய நம்பிக்கையில் வாளி வாளியாகச் சாம்பலைக் கொட்டினோம். துணி துவைத்த சவர்க்கார நீரும் அந்தப் பக்கமே ஓடியது. அடிமரத்தைச் சுற்றி எருவையும் மண்ணையும் ஒரு முழ உயரத்துக்கு அணைத்துக் கட்டினோம். மரம் சற்று வாடியதும் யூரியா இட்டோம். மேலும் வாடியதும் மேலும் இட்டோம்.

2015இன் கோடையில் அதன் கோலம் பார்க்கச் சகிக்கவில்லை. முதிர்ந்த இலைகளின் நுனி நெருப்பில் வாட்டியதுபோற் கருகி, பின் இலையே உதிர்ந்தது. புதிதாக வந்த இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, இடையெல்லாம் வெளிறிய மஞ்சளாக விரிந்தன. கொப்புகள் நுனியிலிருந்து கீழ்நோக்கி உலர்ந்துகொண்டு வந்தன. அணைத்திருந்த மண்ணுக்குச் சற்று மேலே பட்டை வெடித்துப் பிசின் வடிந்தது. எறும்புகள் வரிசையாக ஏறின. அவை காவல் காத்த செதிற்பூச்சிகளின் இனிப்புக் கழிவில் கரிப்பூஞ்சணம் படர்ந்து, எஞ்சிய இலைகளையும் கறுப்பாக்கிற்று. பூ வந்தது, ஏராளமாக வந்தது. சாகப்போகும் மரம் அவ்வாறு பூப்பது உண்டு. ஒரு பிஞ்சும் தங்கவில்லை.

அறிவுரைகளுக்குப் பஞ்சம் இல்லை. ஒருவர் மருந்தடிக்கச் சொன்னார். இன்னொருவர் தறித்துவிட்டுப் புதுக்கன்று வைக்கச் சொன்னார். கண்ணூறு என்றார் வேறொருவர். கடைக்காரர் மூன்று போத்தல்களைத் தந்தார், நாமும் வாங்கினோம். எவரும், நாமும்கூட, கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை.

அந்த ஆவணியில் வேலி அடைப்பதற்கு ஒருவர் வந்தார். எம்மிலும் எட்டு ஒன்பது வயது மூத்தவர்; இளமையில் கிணறு வெட்டுவதைத் தொழிலாகக் கொண்டவர். அவருடைய தந்தையாரும் அத்தொழிலே செய்தவர். எம் தந்தையார் அவருடைய தந்தையாரைப் பெயர் சொல்லி, ஒருமையில் அழைத்தவர். நாம் இவரை அண்ணை என்று அழைக்கின்றோம். அவர் எம்மை வாத்தியார் என்கின்றார். இந்த மாற்றம் தானாக நேர்ந்ததன்று. அதன் வரலாற்றுக்குப் பின்னர் வருவோம்.

அவர் கதியாலைக் கீழே வைத்துவிட்டு மரத்தை ஒருமுறை சுற்றி வந்தார். இலையொன்றைக் கிள்ளி முகர்ந்தார். அடியில் அணைத்திருந்த மண்ணைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

“வாத்தியார், இந்த மரத்துக்கு வருத்தம் மேல இல்லை, கீழ. கிணத்துத் தண்ணியை ஒருக்காத் தாருங்கோ, நாக்கில வைச்சுப் பாப்பம்.”

கிணற்றடிக்குச் சென்றோம். அவர் கட்டுக்கு நான்கு அடி இப்பால் நின்றுவிட்டார். நின்று, சற்றுக் குனிந்து, இரண்டு கைகளையும் குவித்து நீட்டினார். நாம் வாளியோடு திகைத்து நின்றோம். அவர் திட்டமிட்டு அவ்வாறு செய்யவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு முன் அவருடைய உடல் கற்றுக்கொண்ட பாடத்தை அந்தக் கிணற்றடியிலே அது தானாகவே ஒப்புவித்தது.

“நீங்களே அள்ளுங்கோ அண்ணை” என்றோம்.

அவர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டார், பிறகு சிரித்தார். “இந்தக் கிணத்தை வெட்டினது என்ர அப்பு. கல்லுடைச்சு, இருவத்திரண்டு அடி இறங்கினவர். அள்ளுறது இண்டைக்குத்தான்.”

அள்ளினார், நாவில் வைத்தார், உமிழ்ந்தார். “இது முந்தி நல்ல தண்ணி. இப்ப உவர் ஏறிப் போச்சு. நீங்கள் மரத்துக்குத் தண்ணி விடேல்லை வாத்தியார், உப்பு விட்டிருக்கிறியள்.”

அந்த வாக்கியத்தை எமது பழைய மாணவர் ஒருவர் சில நாட்களின் பின் ஒரு சிறு கருவியால் அளந்து உறுதிசெய்தார். ஒரு லீற்றர் நீரிலே ஏறத்தாழ ஒரு கிராம் உப்பு. பார்வைக்கு அற்பம். ஆயினும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 40 லீற்றர் வீதம் 100 நாட்கள் வார்த்தால் 4,000 லீற்றர். அதனோடு போன உப்பு நான்கு கிலோகிராம். நீரை வெயில் கொண்டுபோய்விடும், உப்பைக் கொண்டுபோகாது. நான்கு கிலோகிராம் உப்பை ஒரே நாளில் எவராவது மரத்தடியில் கொட்டினால் அவரைப் பைத்தியக்காரர் என்போம். நூறு நாட்களில் கொட்டினால் பராமரிப்பு என்கின்றோம்.

நல்ல தண்ணீர் ஏன் உவரானது? இதற்கான விடை எமது வளவுக்குள் மட்டும் இல்லை. யாழ்ப்பாணத்தைப் போலவே இந்தத் தீவுகளும் சுண்ணக்கல்லின் மேல் அமைந்தவை. மழைநீர் கல்லின் வெடிப்புகளூடாகக் கீழே இறங்கி, அங்கே ஏற்கெனவே இருக்கும் கடல்நீரின்மேல் மிதக்கின்றது. ஆயிரம் லீற்றர் நன்னீரின் நிறை ஆயிரம் கிலோகிராம். அதே அளவு கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிலோகிராம். இந்த இருபத்தைந்து கிலோகிராம் வேறுபாட்டிலேதான் எங்கள் ஊர்களின் உயிர் தங்கியிருக்கின்றது. நிலத்தடியிலுள்ள நன்னீர், நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்த ஒரு வில்லையாக, கனத்த உவர்நீரின்மேல் கிடக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் அது ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை ஆழ்ந்திருக்கும். ஒல்லாந்தரான கைபன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜெர்மானியரான ஹெர்ஸ்பேர்க் 1901இலும் தத்தம் கரையோரங்களை ஆராய்ந்து கண்ட விதி இது. இதன் மறுபக்கமே அச்சந்தருவது: மேலே நன்னீர் ஓர் அடி தாழ்ந்தால், கீழே உவர், காலப்போக்கில், நாற்பது அடி மேலேறும்.

துலாவும் பட்டையும் இருந்த காலத்தில் மனித உழைப்பே அந்த விதிக்குக் காவலாக இருந்தது. கை சோர்ந்தபோது இறைப்பு நின்றது. கிணறு மீண்டும் ஊறியது. மின்சார மோட்டருக்குச் சோர்வில்லை. அது ஒரே இடத்தில் விரைவாக உறிஞ்சும்போது அந்த இடத்துக்கு நேர் கீழேயுள்ள உவர் ஒரு கூம்புபோல எழுந்து கிணற்றின் அடியைத் தொடுகின்றது. எமது மோட்டர் எமது கிணற்றை மட்டும் உவராக்கவில்லை. ஒழுங்கைக்கு அப்பாலுள்ள கிணறும் கசக்கத் தொடங்கியிருந்ததைப் பின்னரே அறிந்தோம். வேலி நிலத்தைப் பிரிக்கும், நீரைப் பிரிக்காது. கதியால் இரண்டடி ஆழத்துக்குமேல் இறங்குவதில்லை.

இதனை விளங்கிக்கொண்டபோதுதான் இருபது ஆண்டு மர்மமும் விளங்கிற்று. நாம் இல்லாத காலத்தில் எவரும் அந்தக் கிணற்றிலிருந்து இறைக்கவில்லை. ஒவ்வொரு மாரியும் மண்ணைக் கழுவியது. நன்னீர் வில்லை தடித்தது. மரம் தன் வேரளவுக்குக் குடித்தது.

மரத்துக்கு உப்புப் போட்ட நீரை ‘எங்கள் கிணற்று நீர்’ என்று இதுவரை எத்தனை தடவை எழுதிவிட்டோம்! எங்கள் என்ற அந்தச் சொல்லுக்குள் யார் யார் அடங்குவர்? வெட்டியவர் அடங்கவில்லை. அவருடைய தாயார் குடத்தோடு எங்கள் வேலிக்கு வெளியே நின்றதை நாம் சிறுவனாய்ப் பார்த்திருக்கின்றோம். வீட்டிலிருந்து எவராவது வந்து அள்ளி, உயரத்திலிருந்து குடத்துக்குள் ஊற்றும்வரை அந்த அம்மையார் நின்றார். சில நாள் அரைமணி நேரம். சில நாள் அதற்கும் மேல். நன்னீர்க் கிணறுகள் விரல்விட்டு எண்ணத்தக்க தீவில், நீரை மறுப்பது தாகத்தை விதிப்பதாகும். எம் அன்னையார் இரக்கமுள்ளவர். வந்தவருக்கு வீட்டில் இருந்ததைக் கொடுத்தனுப்புவார். இரக்கம் வேலியைக் கடந்தது, உரிமை கடக்கவில்லை.

1957ஆம் ஆண்டு சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டப் புத்தகத்தில் அன்றே கிணறுகள் திறந்தன. ஊர்களில் அவை திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவாக வேண்டியிருந்தது. தேநீர்க் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் இரத்தம் சிந்த வேண்டியிருந்தது. டானியல் தமது நாவலொன்றுக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயரிட்டார் என்றால், அந்த ஒரு சொல்லில் எத்தனை தலைமுறைகளின் வரலாறு அடங்கியிருந்தது என்பதை இளைய வாசகர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இத்தீவிலேயே, 1971ஆம் ஆண்டில், கண்ணகி அம்மன் கோயிலடி நன்னீர்க் கிணற்றிலே ஒடுக்கப்பட்ட மக்கள் தண்ணீர் அள்ளும் உரிமைக்காக மு. தளையசிங்கம் போராடினார். அவர் புங்குடுதீவின் மைந்தர், எழுத்தாளர், எம்மைப்போல் ஓர் ஆசிரியர். கைதானார், தாக்கப்பட்டார், நோயுற்றார். 1973இல், நாற்பது வயதை எட்டுமுன்பே மறைந்தார். அவருடைய தத்துவத்தோடு முற்போக்கு அணியினருக்கு உடன்பாடில்லை. அவரும் எம்மவரைக் கடுமையாகவே விமர்சித்தார். கருத்துப் போர் ஒருபுறம் இருக்க. அன்று கிணற்றடிக்குச் சென்றவர் அவர், செல்லாதவர் நாம். எமக்கு அப்போது இருபத்தொரு வயது. மாக்சியம் படித்துக்கொண்டிருந்தோம். உபரி மதிப்பைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்க வல்லவராய் இருந்தோம். எம் வீட்டுக் கிணற்றுக்கு வெளியே யார் நிற்கிறார் என்று எழுந்து சென்று பார்க்கவில்லை.

அறிவு இருப்பது வேறு. அதனை உரியவருக்கு வழங்குவது வேறு. தேசிக்கும் கடலுக்குமுள்ள பழைய உறவிலேயே இதற்குச் சான்று உண்டு. 1747இல் பிரித்தானியக் கடற்படை வைத்தியர் ஜேம்ஸ் லிண்ட், பற்களின் முரசு கரைந்து சாகும் நோயுற்ற பன்னிரண்டு மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஆறு விதமாக மருத்துவம் செய்து பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் எழுந்தனர். ஆயினும் கடற்படை மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு முறையாக வழங்கும் ஆணை 1795இலேயே பிறந்தது. இடைப்பட்ட 48 ஆண்டுகளில் இறந்தவர்கள் அறிவின் குறைவால் இறக்கவில்லை. 1957க்கும் 1971க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் எங்கள் தீவில் தாகத்தோடு நின்றவர்களும் சட்டத்தின் குறைவால் நிற்கவில்லை.

இனி மருத்துவத்துக்கு வருவோம். அண்ணை சொன்னவற்றையும், பழைய மாணவர் நூல்களிலிருந்து எடுத்துத் தந்தவற்றையும் சேர்த்து நாம் செய்தவை இவை.

முதலில், செய்துகொண்டிருந்தவற்றை நிறுத்தினோம். யூரியா நின்றது, அதுவும் கரையும்போது வேருக்கு ஒருவகை உப்பே. சாம்பல் நின்றது, சுண்ண மண் ஏற்கெனவே காரமானது, சாம்பல் அந்தக் காரத்தைக் கூட்டும். காரமான மண்ணிலே இரும்பு இருந்தாலும் கரையாது; கரையாததை வேர் உண்ண முடியாது. இளம் இலைகள் மஞ்சளித்ததன் காரணம் இதுவே. பண்டசாலை நிறைந்திருக்க ஊர் பட்டினி கிடப்பது மனிதருக்கு மட்டும் உரிய நிலையன்று. சவர்க்கார நீரை வேறு பக்கம் திருப்பினோம். இலைமேல் நீர் பீச்சுவதை விட்டோம். உவர்நீர் வெயிலில் இலைமீது உலரும்போது உப்பு இலை வழியாகவே உள்ளே சென்று அதனைக் கருக்கிவிடும்.

அடுத்து, அடிமரத்தை மூடியிருந்த மண்ணை வாரி, வேர் பிரியும் இடம் வெளியே தெரியும்படி செய்தோம். ஈரமண் பட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தால் நுண்பூஞ்சை புகுந்து அழுகலை உண்டாக்கும். பிசின் வடிந்தது அதனால்தான். அழுகிய பட்டையை நல்ல பட்டை தெரியும்வரை கூரிய கத்தியால் செதுக்கி, மயில்துத்தமும் நீற்றிய சுண்ணாம்பும் ஒரு கிலோகிராம் வீதம் பத்து லீற்றர் நீரில் சேரும் அதே விகிதத்தில் சிறிதளவு குழம்பு செய்து பூசினோம். பிரான்சின் போர்டோத் திராட்சைத் தோட்டங்களில் பிறந்த மருந்து அது. உலர்ந்த கொப்புகளைப் பச்சை தெரியும் இடம்வரை வெட்டினோம். எறும்பு ஏறாதபடி தடுத்தோம். காவலர் போனதும் செதிற்பூச்சியை மற்றப் பூச்சிகள் தின்று தீர்த்தன. இலைகளில் எச்சம்போலத் தோன்றும் புழுக்களைக் கையால் எடுத்தோம். வண்ணத்துப்பூச்சிக்கென ஒரு கொப்பில் சிலவற்றை விட்டும் வைத்தோம்.

கிளைகள் விரிந்திருக்கும் எல்லையை ஒட்டி, மரத்தைத் தொடாமல், வட்டமாகப் பாத்தி கட்டினோம். அதில் பூவரசங் குழையும் மக்கிய எருவும் பரப்பி மேலே பனையோலையால் மூடினோம். நாள்தோறும் சிறிது நீர் என்ற முறையை விட்டு, பல நாட்களுக்கு ஒருமுறை ஆழமாக நனைத்தோம். மஞ்சளித்த இலைகளுக்கு இரும்புச் சல்பேற்றை மிக நீர்த்த கரைசலாக, மழைநீரில் கலந்து, மாலை வேளையில் தெளித்தோம். மண்ணில் இட்டிருந்தால் சுண்ணம் அதனையும் பூட்டி வைத்திருக்கும்.

இவை யாவும் ஒரு மாத வேலை. கடினமானது நீர்தான்.

மோட்டரைக் கோடையில் நிறுத்துவது என்று நாம் முடிவு செய்தபோது முதல் எதிர்ப்பு எம் வீட்டிலிருந்தே எழுந்தது. “இந்த வயதில வாளி பிடிக்கவோ நான் காசு அனுப்பினனான்?” என்று மகன் தொலைபேசியிற் கோபித்தான். அவன் கேள்வியில் நியாயம் உண்டு. முதியவரின் முதுகெலும்பை வருத்தி நீரைக் காப்பது தீர்வாகாது. தீர்வு வேறு வழியாக வந்தது. ஒழுங்கையிலுள்ள குடும்பங்கள் குளிக்கவும் துவைக்கவும் நெடுந்தூரம் சென்றுகொண்டிருந்தன. கோடிப்புற வேலியில் ஒரு படலை வைத்து, எவரும் எவரையும் கேளாமல் வந்து அள்ளலாம் என்றோம். பழைய கண்கள் சில இதனைப் பார்த்துச் சுருங்கின, ‘அவையளோ?’ என்று ஒரு குரலும் கேட்டது. அந்தக் கேள்விக்கு நாம் 1971இல் சொல்லியிருக்க வேண்டிய விடையை நாற்பத்து நான்கு ஆண்டுகள் தாமதமாகச் சொன்னோம். இது எமது பெருந்தன்மை என்று எவரும் கொள்ளவேண்டாம். வட்டியில்லாமல் திருப்பிக் கொடுத்த கடன், அவ்வளவே.

படலை திறந்ததனால் கிணறு வற்றிவிடும் என்றவர்கள் உண்டு. வீடுகள் வாளியால் அள்ளுவது, ஒரு மோட்டர் தோட்டத்துக்கு இறைப்பதில் சிறு பங்கே என்பதைக் கண்ணாற் கண்டோம். அள்ள வருபவர்களே எங்கள் தொட்டியையும் நிரப்பிவிட்டுப் போயினர். அவர்கள் எமக்கு உதவினரா, நாம் அவர்களுக்கு உதவினோமா என்ற கணக்கு விரைவில் மறைந்தது. அந்தப் பேச்சுகளிலிருந்தே அடுத்த வேலை பிறந்தது. மாரி நீர் கடலுக்கு ஓடிவிடாமல் அயலிலுள்ள குளத்துக்குச் செல்லும் பழைய வாய்க்கால் தூர்ந்து கிடந்தது. புரட்டாதி மாதத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சிரமதானமாக அதனை வெட்டினோம். எங்கே வெட்டவேண்டும், நீர் எந்தப் பக்கம் சரிந்து ஓடும் என்பதை அண்ணையே அலவாங்கால் குறித்துக் கொடுத்தார். பட்டம் பெற்ற நாம் மண் அள்ளிக் கொட்டினோம். வளவுகளில் மழைநீர் தேங்கி இறங்குவதற்கு வரம்புகள் கட்டினோம். கூரை நீரைத் தொட்டியிற் சேர்த்து, தை மாசி மாதங்களில் தேசிமரத்துக்கு வார்த்தோம்.

2016இன் மாரிக்குப் பின் முதல் துளிர் வந்தது. அடுத்த ஆண்டு இலைகள் பழைய கரும்பச்சையை அடைந்தன. 2018இல் காய்த்தது. கிழக்குப் பக்கக் கொப்பு ஒன்று மட்டும் பிழைக்கவில்லை. அதன் தழும்பு இன்றும் இருக்கின்றது. முதற் பறிப்பில் அறுபத்து மூன்று காய்கள். அண்ணையின் வீட்டுக்குக் கொண்டுபோனபோது அவர் ஒன்றை நகத்தால் கீறி முகர்ந்து, “தண்ணி பிழையில்லை” என்றார். பழத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இப்பத்திரிகையைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் எமது வேண்டுகோள் ஒன்று உண்டு. கடல் மட்டம் உயர்ந்துகொண்டிருக்கும் காலம் இது. மாலைதீவிலும் கிரிபாத்தியிலும் வங்கத்தின் கரையோரங்களிலும் எங்களைப் போன்ற மக்கள் நன்னீரைப் பறிகொடுத்து வருகின்றனர். உலகைச் சூடாக்கியவர்கள் ஒருபுறம். உவர்நீர் குடிப்பவர்கள் இன்னொருபுறம். அந்தப் பெரும் போராட்டத்தில் எம் குரலும் சேரவேண்டும். அதே வேளையில், பள்ளிக்கூடத்தைச் சூழவுள்ள கிணறுகளை மாதம் ஒருமுறை மாணவர்கள் அளந்து ஒரு கொப்பியில் எழுதுவதற்கு எந்த மாநாடும் தேவையில்லை. எந்தக் கிணற்றில் உவர் ஏறுகிறது, எந்த மோட்டர் இயங்கிய பின் ஏறுகிறது என்பதை அந்தக் கொப்பி சொல்லும். இன்னும் ஒரு நிரலை அதிற் சேர்க்கும்படியும் கேட்கின்றோம்: அந்தக் கிணற்றில் அள்ளுபவர் யார், அள்ளாதவர் யார்? முதல் நிரலை நிரப்பக் கருவி வேண்டும். இரண்டாவதை நிரப்ப நேர்மை வேண்டும்.

சென்ற ஆண்டு ஐப்பசியில் அண்ணை காலமானார். சாகுமுன் ஒருநாள் வந்து, கிணற்றுக் கட்டில் அமர்ந்து, தாமே ஒரு வாளி அள்ளி, வழக்கம்போல நாவில் வைத்துப் பார்த்தார். நாம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பரீட்சைப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாணவனைப்போல.

“இன்னும் கொஞ்சம் உப்பிருக்கு வாத்தியார்” என்றார். “இன்னும் வேலை கிடக்கு.”